பிள்ளை சித்திரம் படிக்கட்டுமா? தருமபுரத்து அம்மா ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

போன கிழமை நடந்த தொழில் வழிகாட்டல் நாளில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "படம் கீறிக் கீறியே சீவிக்கேலுமே?" பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "ஏலும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அது அரைப் பதில். மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

முதலில் மகளின் கொப்பியைப் பற்றி. நீங்கள் ரியூசன் ரைம்ரேபிளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் தன் விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தைக் காட்டினாள். கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்த ஒரு வாளி. கைபிடியில் சுற்றியிருந்த சைக்கிள் ரியூப் துண்டு, அது பிரிந்து தொங்கும் நுனி வரைக்கும் கீறியிருந்தாள். திறமை இருக்கிறதா என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. திறமையோடு சேர்ந்து வரும் சீவியத்தை அவள் தாங்குவாளா என்பதுதான் கேள்வி. அதற்கு ஓவியத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை, ஓவியரின் ஒரு கிழமையைப் பார்க்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் விசுவமடுப் பக்கம் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை அந்த வேலை. வீட்டோடு சேர்த்து இறக்கிய தகரக் கொட்டில்தான் அவருடைய வேலைத்தலம். மத்தியானத்தில் அதற்குள் இருக்க ஏலாது. தட்டில் பிதுக்கிய அக்றிலிக், தூரிகை தொடுவதற்குள் தோல் பிடித்துவிடும். அதனால் விடிய நாலரைக்கு எழும்பி, ஆறு மணி வரை கீறுகிறார். பின்னேரம் வெயில் தாழ்ந்தபிறகு இன்னொரு மணித்தியாலம். மாரி தொடங்கினால் வேறு தலையிடி. கடதாசி ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும், நிலத்தில் வைத்தால் கறையான். முடித்த படங்களையெல்லாம் பொலித்தீனில் சுற்றி றங்குப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கல்லின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு வகுப்பு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி பனர், பெயர்ப்பலகை என்று வேலை வரும். கொடியேறுவதற்கு முந்திய நாட்களில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கக் கூப்பிடுவார்கள். "இது கலையோ?" என்று ஒருமுறை கேட்டேன். "மயில் வாகனத்தின்ர கழுத்துக்கு நீலம் ஏத்திப் பாருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

இரவில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறார். மகளுக்கு நீங்கள் கட்டாயம் சொல்லவேண்டிய பகுதி இதுதான், ஏனென்றால் பிள்ளைகள் யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை. கண்காட்சிக்கோ, வேறு ஊரில் தங்கி வேலை செய்யும் வாய்ப்புக்கோ விண்ணப்பிப்பதென்றால் ஒவ்வொரு படத்தையும் போட்டோ எடுக்கவேண்டும். நேர் வெயிலில் எடுத்தால் நிறம் வெளிறும், குழல்விளக்கில் எடுத்தால் நீலம் அடிக்கும். அவர் லீவு நாளில் காலை எட்டு மணிக்கு மாமர நிழலில் வைத்து எடுக்கிறார். பிறகு அளவு, ஊடகம் (எதால், எதில் கீறியது), ஆண்டு என்று பட்டியல். அதோடு, ஏன் இதைக் கீறினேன் என்று ஒரு பக்கத்தில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதவேண்டும். ஒரு படத்தை விடவும் அந்த ஒரு பக்கத்துக்குத் தனக்கு அதிக நாள் போகிறது என்று சொல்கிறார்.

காசைப் பற்றிக் கதைப்போம். ஒரு பேச்சுக்கு, கொழும்பில் ஒரு படம் 60,000 ரூபாவுக்குப் போகிறதென்று வையுங்கள். காட்சிக்கூடங்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுக்கும். நூற்றுக்கு 40 என்றால் 24,000 போய்விடும். துணி, பெயின்ற், பிறேம் 11,000. போக்குவரத்து, தங்குமிடம் 7,000. கையில் 18,000. அது ஒன்றரை மாத வேலைக்கான கூலி, அதுவும் விற்றால். 1993 முதல் கொழும்பில் தெருவோரம் நடந்துவரும் கலா பொல என்ற ஓவியச் சந்தை போன்ற இடங்களில் ஓவியரே நின்று நேரடியாக விற்கலாம். ஆனால் படங்களையெல்லாம் கட்டிக்கொண்டு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். அவர் பெரிய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பெயின்ற் வெளிப்பக்கம் வரும்படி அகலமான பிவிசி குழாயில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். உட்பக்கமாகச் சுருட்டினால் நிறம் நசிந்து மடிப்பு விழுந்துவிடுமாம்.

காசு நேரத்துக்கு வராது என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு பெடியன் ஒரு நிறுவனத்துக்குச் சுவரோவியம் கீறிக்கொடுத்துவிட்டு, பேசிய காசுக்கு ஒன்பது மாதம் அலைந்தான். எழுத்தில் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை. அரைவாசி முற்பணம், ஒரு தாள் ஒப்பந்தம். இது இரண்டும் இல்லாமல் தூரிகையைத் தொடாதே என்று அவனைக் காணும்போதெல்லாம் சொல்கிறேன்.

அப்படியென்றால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. நம் பக்கத்து ஓவியர்களில் பெரும்பாலானோர் படம் விற்று மட்டும் சீவிக்கவில்லை, ஆனால் சீவிக்கிறார்கள். அ. மாற்கு மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்தான். தா. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லி, அந்தக் கோடுகளையும் கதைகளையும் வைத்து ஒரு பெரிய படைப்பைச் செய்தவரும் அவரே. அதில் எவ்வளவு நேரம் முற்றங்களில் இருந்து ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைய ஓவியரின் வேலையில் அதுவும் சேர்த்தி.

மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னீர்கள்: "பொம்பிளைப் பிள்ளை." ஜாஸ்மின் நிலானி ஜோசப்பின் படங்களை போனில் தேடிப் பாருங்கள். பேனாவால் வேலிகளைக் கீறிக் கீறியே தனக்கென்று ஒரு இடம் பிடித்தவர். இரவு பஸ் உங்களுக்குப் பயம் என்றால் பகல் ரெயின் இருக்கிறது, சித்தி வீடு இருக்கிறது. இதெல்லாம் ஒழுங்கு செய்யக்கூடிய விசயங்கள். வேறொன்றுக்குத்தான் அவளைத் தயார்ப்படுத்த வேண்டும். வன்னிப் பிள்ளை என்றால் யுத்தத்தைத்தான் கீறவேண்டும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் இருப்பார்கள். வாளியைக் கீற அவளுக்கு விருப்பமென்றால் அவள் வாளியைக் கீறட்டும்.

படிப்பு வழி இதுதான். உயர்தரத்தில் கலைப்பிரிவு, சித்திரத்தோடு தகவல் தொழில்நுட்பமோ புவியியலோ எடுக்கலாம். நான் தகவல் தொழில்நுட்பத்தைத்தான் சொல்வேன், பின்னாளில் கிராபிக் டிசைன் பக்கம் ஒரு கதவு திறந்திருக்கும். பட்டப்படிப்புக்கு மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆற்றுகை மற்றும் காண்பியக் கலைகள் பீடம் இருக்கிறது, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இரண்டுக்கும் உயர்தரப் பரீட்சையில் எடுக்கும் இசட் புள்ளி மட்டும் காணாது, கீறும் திறமையைப் பார்க்கிற உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கான விண்ணப்ப அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஆங்கில வகுப்பை மட்டும் நிற்பாட்ட விடாதீர்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பொறியியல் பீடத்தைக் காட்டி "இஞ்சதான் நீ படிக்கோணும்" என்று சொல்லி வளர்த்த பிள்ளை என்றீர்கள். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கணிதத்தில் அவளுக்கு மனமில்லை என்பதை நீங்களே சொன்னீர்கள், நான் கேட்காமலே.

சாதாரண தர முடிவு வரும்வரை முடிவெடுக்க அவசரமில்லை. அதற்குள் ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு விசுவமடுவுக்குப் போய் வாருங்கள், நான் அவருக்குச் சொல்லி வைக்கிறேன். படங்களைப் பார்ப்பதோடு நிற்காமல், கணக்குக் கொப்பியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் ஒளிக்கமாட்டார். பத்து மணிக்கு முதலே போய்விடுங்கள், பிறகு அந்தத் தகரத்துக்குக் கீழே இருக்க ஏலாது.