காருக்குக் கார்பெட், அதற்கு நகைக் கடனா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். சம்பளம் 42,000. என் 2010 மாடல் வேகன் ஆர் காரில் மழைக்காலம் வந்தாலே தரை ஈரமாகி, கார்பெட் நாறுகிறது. சேலத்தில் ஒரு கார் அலங்காரக் கடையில் சத்தம் குறைக்கும் ஷீட், ஃபோம், புது கார்பெட் எல்லாம் சேர்த்து 62,000 என்கிறார்கள். 12 மாத வட்டியில்லாத் தவணையும் உண்டாம். தெரிந்த டிங்கரோ, துருவைச் சுரண்டி, ஒட்டுப் போட்டு, சாதாரண கார்பெட் விரிக்க 14,000 போதும் என்கிறார். மனைவியின் நகை மீது வங்கிக் கடன் 1,80,000 இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மூன்று வருடத்துக்கு முன் வாங்கியது 1,20,000. மறுவருடம் டயர், பேட்டரிக்கு 25,000, அதற்கடுத்த வருடம் மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு 35,000 என்று கூடிவிட்டது. அடுத்த மாதம் திருப்பி வைக்கும்போது இந்த 62,000-ஐயும் கூட்டி வாங்கிவிடலாமா, அல்லது தவணையில் போகலாமா? நகைச் சீட்டு ஒன்று மாதம் 5,000 கட்டிவருகிறேன்.

பதில்: இரண்டும் வேண்டாம். டிங்கரிடம் போங்கள்.

ஏற்காட்டுக் குளிரில் நீங்கள் ஏசி போடப்போவதில்லை. அதனால் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயைச் சந்தேகப்பட வேண்டாம், உள்ளே வருவது பெரும்பாலும் மழைத் தண்ணீர்தான். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சில்வர் ஓக் இலை அடைத்திருக்கும். முன் கண்ணாடி ரப்பரும் கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளும் வயதாகியிருக்கும். கார்பெட்டைக் கழற்றிவிட்டு ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அடியில் இருக்கும் ஃபெல்ட் ஒருமுறை தண்ணீர் குடித்தால் லேசில் காயாது. காலையில் கண்ணாடி உள்பக்கம் வேர்ப்பதற்கும் அது ஒரு காரணம். ஒழுகலை அடைக்காமல் எவ்வளவு விலை உயர்ந்த ஷீட் ஒட்டினாலும் தண்ணீர் அதற்கு அடியில் போய் நிற்கும், மேலே பளபளப்பாக இருக்கக் கீழே தகடு அரிக்கும். துருவுக்கு இன்சூரன்ஸில் பைசா வராது.

15 வருடப் பதிவு முடிந்து புதுப்பித்திருப்பீர்கள். அடுத்தது 2030-ல். 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். அப்போது இந்த வண்டியை வைத்திருப்பீர்களா என்பதே சந்தேகம். ஓட்டை இல்லாத தரை அவசியம்தான். ஸ்டுடியோ மாதிரி நிசப்தம் எதற்கு?

வட்டியில்லாத் தவணை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. மொத்த ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று அந்தக் கடையில் கேளுங்கள். எவ்வளவு இறங்குகிறார்களோ அதுதான் வட்டி. பிராசஸிங் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி.

சரி, கடிதத்தில் எனக்கு உறுத்தியது 'திருப்பி வைக்கும்போது கூட்டி வாங்கிவிடலாமா' என்ற வரி. வட்டி சுமாராக 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 12,000, அடுத்தது 14,500, இப்போது 18,000. ஆக 44,500 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறீர்கள், அசல் 60,000 ஏறியிருக்கிறது. தங்கம் விலை ஏற ஏற அதே வளையலுக்கு வங்கி கூடத்தான் கொடுக்கும். கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்குவதா? இந்த 62,000-ஐயும் சேர்த்தால் கடன் 2,42,000, வட்டி மட்டும் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல். கல்லூரிக் கட்டணத்தைக் குறை சொல்ல மாட்டேன். டயருக்கும் மொய்க்கும் நகையைத் தொட்டதுதான் தப்பு. மச்சினருக்குச் செய்ய வேண்டியதைக் கையில் இருப்பதை வைத்துச் செய்யுங்கள். அவர் அக்காவின் நகையை அடகில் வைத்து அவர் வீட்டுக்கே மொய் எழுதுவது என்ன கணக்கு?

இதில் நகைச் சீட்டு வேறு! இருக்கிற நகைக்கு வட்டி கட்டிக்கொண்டே புது நகைக்கு மாதம் 5,000. நடக்கிற சீட்டை முடித்துவிட்டு, அடுத்ததில் சேராதீர்கள். அந்த 5,000-த்தோடு இன்னும் ஆயிரம் சேர்த்து மாதம் 6,000 கடனுக்குக் கட்டினால் 35 மாதத்தில் வட்டியோடு முழுக்கத் தீரும்.

டிங்கர் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒழுகலும் ஒட்டும், தீபாவளி போனஸ் வந்ததும் கார்பெட். அதுவரை பிரைமர் அடித்த தரையில் ரப்பர் பாய் போதும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது சத்தம் கேட்கத்தான் செய்யும், கேட்கட்டும்.

வங்கியில் திருப்பி வைக்கிற அன்று, ஒரே கடனாக வைக்காமல் 1,20,000-க்கு ஒன்று, 60,000-க்கு ஒன்று என்று பிரித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். இடையில் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்பதையும் மேலாளரிடம் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரியதற்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டு மிச்சத்தைச் சின்னதில் போட்டால், வருடம் சொச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு நகையாவது வீட்டுக்கு வந்துவிடும். எந்த நகை முதலில் வர வேண்டும் என்பதை உங்கள் மனைவியிடம் கேட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள்.