போதுமான வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதக் கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் சாமான் குறைவாக இருக்க வேண்டும், பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும், பல வருஷம் தாங்கவும் வேண்டும். சாமான் குறைத்து எளிமையாக வைத்துக்கொள்கிற மினிமலிஸம் என்ற சொல்லும் சில கடிதங்களில் இருக்கிறது. ஆறு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

தாம்பரத்தில் 850 சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். மினிமலிஸ்ட் பாணியில் வேண்டும் என்றதற்கு, எல்லா அறைக்கும் ஃபால்ஸ் சீலிங், பெரிய டிவி யூனிட், ஹாலில் ஒரு சுவர் முழுக்க வெள்ளை அலமாரி என்று வரைந்து கொடுத்திருக்கிறார்கள். செலவு கையை மீறுகிறது. எதைக் குறைக்கலாம்?
– வாசகி, தாம்பரம்

முதலில் ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துவிடுங்கள். இப்போது கட்டுகிற ஃபிளாட்டுகளில் தரைக்கும் தளத்துக்கும் நடுவே ஒன்பதரை, பத்து அடிதான் இருக்கிறது. அதில் அரை அடியை ஜிப்சம் பலகைக்குக் கொடுத்தால் மின்விசிறி தலைக்கு நெருங்கி வரும். மேல் வீட்டுக் குளியலறையில் கசிவு வந்தால், வெறும் தளமாக இருக்கும்போது ஈரத்திட்டு அன்றைக்கே கண்ணில் படும், பிளம்பரைக் கூப்பிடலாம். பலகை மறைத்திருந்தால் அது ஊறித் தொங்குகிறபோதுதான் தெரியும். விளக்குக்காகத்தான் சீலிங் என்று சொல்வார்கள். சுவரில் இரண்டு விளக்கு, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற ஒன்று, ஹாலுக்கு இவை போதும். பல்புப் பெட்டியின் மேல் 3000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள், வெளிச்சம் இதமாக இருக்கும். சமையல் மேடைக்கும் பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கும் 4000.

டிவி யூனிட்டும் வேண்டாம். இன்றைய டிவிக்கு அளந்து அடிக்கிற யூனிட்டில் அடுத்த டிவி பொருந்தாது. டிவியைச் சுவரில் மாட்டிவிட்டு, அடியில் ஒன்றரை அடி உயரத்தில் நீளமாக ஒரு மரப் பெஞ்சு போடுங்கள். செட்டாப் பாக்ஸும் அதில் இருக்கும், நாலு பேர் வந்தால் உட்காரவும் ஆகும்.

சுவர் முழுக்க அலமாரி என்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. காலி அலமாரி எந்த வீட்டிலும் காலியாக இருந்ததில்லை. அந்தப் பணத்தைப் படுக்கையறை அலமாரியில் போட்டு அதை ஒழுங்காகச் செய்யுங்கள். ஹேங்கரில் மாட்டுகிற துணிக்கு உள் ஆழம் 22 அங்குலம் வேண்டும். மடித்து வைக்கிற புடவைக்கு 15 அங்குலம் போதும். எல்லாத் தட்டையும் இரண்டடி ஆழத்துக்கு அடித்துவிட்டால் புடவைக்குப் பின்னால் இன்னொரு வரிசை சேரும், அதை யாரும் வெளியே எடுக்கமாட்டார்கள். ஒரு கதவுக்குள் பாய், தலையணை, ஜமக்காளம் வைக்க இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் எல்லோரும் மறக்கிற இடம் அது.

ஹாலில் பத்தடிக்கு ஏழடி தரை எதுவும் இல்லாமல் கிடக்கட்டும், நடுவில் டீப்பாய் கூட வேண்டாம். மாமனார் மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஊரிலிருந்து வந்தால் அங்கேதான் பாய் விரிப்பார்கள். பகலில் குழந்தை அங்கே விளையாடும், அப்பளம் காய வைத்தால் அதற்கும் அதுதான் இடம். நீங்கள் சதுர அடிக்கு அத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியது இந்தத் தரையைத்தான். அதை மரச்சாமானால் மூடிவிட்டு, வீடு சின்னதாக இருக்கிறது என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சுவரெல்லாம் வெள்ளையாக இருந்தால்தான் மினிமலிஸமா? வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான்.
– வாசகி, நாகர்கோவில்

இல்லை. சந்தன நிறம், வெளிர் சாம்பல், மண் நிறம், எதுவானாலும் வீடு முழுக்க ஒன்றையே அடியுங்கள். அறைக்கு ஒரு நிறம் அடிப்பதைவிட அதுதான் வீட்டைப் பெரிதாகக் காட்டும். பையன் கை எட்டுகிற உயரம் வரை கழுவக்கூடிய எமல்ஷன் பூசுங்கள். அதே நிறத்தில் ஒரு லிட்டர் மிச்சம் வைத்து, டப்பாவின் மேல் நிற எண்ணை எழுதி வையுங்கள்.

இந்தப் பாணி ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் சரி. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தூசிக்கும் ஒத்துவருமா?
– வாசகர், திண்டிவனம்

உங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி. அங்கே ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. 1937-ல் வேலை தொடங்கி 1940-களில் முடிந்த கட்டடம். வரைந்தவர் ஆன்டோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பல காலம் வேலை செய்தவர். கூட இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் நகஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் பெரிய பெயர் எடுத்தார். ஜப்பானைத் தெரிந்த இருவரும் நம் கடற்கரை வெயிலுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

கட்டடத்தின் நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் விழும். நீளமான இரண்டு பக்கத்திலும் ஜன்னலுக்குப் பதிலாக, திருப்பினால் திறந்து மூடுகிற படுக்கைவாட்டுப் பலகைகளை மேலிருந்து கீழ் வரை வைத்திருக்கிறார்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும், மழை உள்ளே வராது. அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டுப் பின்னிய தள்ளு கதவு. அதைச் சாத்தியிருந்தாலும் காற்று வரும், ஆள் மட்டும் தெரியாது. காலுக்கடியில் கருங்கடப்பாக் கல். கதவுப் பிடி, தாழ்ப்பாள் எல்லாம் ஆசிரமவாசிகள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை. அறைக்குள் கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி என்று தேவையான மரச்சாமான் மட்டும். இன்றும் ஆட்கள் தங்கி இருக்கிறார்கள்.

அங்கே அறை நிறைவாக இருக்கக் காரணம் காற்றும் நிழலும். அலங்காரம் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டிலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த ஜன்னலுக்கு எதிரே பீரோ நிற்கிறது என்று பாருங்கள், முதலில் அதை நகர்த்துங்கள். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே அது தடுத்துவிடும். தூசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திறந்த அலமாரிகளைக் குறையுங்கள். கட்டிலையும் சோபாவையும் துடைப்பம் போகிற உயரத்துக்குக் கால் வைத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அடியோடு தரையில் உட்கார்கிற மாதிரி வாங்குங்கள். இரண்டும் இல்லாமல் அடியில் மூன்று அங்குல இடைவெளி மட்டும் விட்டால் தூசி அங்கேயே குடியிருக்கும்.

என் வயது 67. மகன் புது வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். கொலு பொம்மைகளும் என் அம்மா சீராகத் தந்த பித்தளைப் பாத்திரங்களும் அந்த வீட்டுக்குப் பொருந்தாது என்கிறான். விடவும் மனமில்லை, சண்டை போடவும் தெம்பில்லை.
– வாசகி, கும்பகோணம்

அம்மா, கொலுவை விட வேண்டாம். வருஷத்தில் ஒன்பது நாள் அந்த வீடு நிறைய வேண்டியது அதனால்தான். மற்ற நாட்களில் அது கண்ணில் படாமல் இருக்க வழி செய்தால் மகனுக்கும் மறுப்பு இருக்காது. கழற்றி அடுக்குகிற இரும்புப் படி வாங்குங்கள், மடித்தால் கட்டிலுக்கடியில் போகும். பொம்மைக்கு மூடி இறுக்கமான பெட்டி, ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன என்று ஒரு சீட்டு.

கொலு முடிந்து பெட்டி கட்டுகிற சமயத்தில்தான் ஐப்பசி மழை தொடங்குகிறது. பொம்மையை எடுத்த அன்றே கட்டாதீர்கள். காகிதக்கூழ் பொம்மையில் லேசாக ஈரம் இருந்தாலும் உள்ளே பூஞ்சை பிடித்து வர்ணம் செதில் செதிலாக உரியும். இரண்டு நாள் மின்விசிறிக்குக் கீழே காற்றாட வைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை முகத்தில் ஒட்டும். கனமான மண் பொம்மை அடியில், காகிதக்கூழ் மேலே. குளியலறைச் சுவரை ஒட்டிய பரணில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

பாத்திரங்களை மகனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பொங்கலுக்கு அடுப்பேறுகிற பானை, தினமும் ஏற்றுகிற விளக்கு, கையில் எடுத்தால் அம்மா நினைவு வருகிற ஒன்று, இவை உங்களோடு வரட்டும். பெரிய அண்டா வந்தால் அதை அரிசி வைக்கிற பாத்திரமாக்குங்கள், தினமும் கை படும். மீதியைச் சமைத்துப் புழங்கப்போகிற உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுங்கள். எடைக்குப் போடுவது கடைசியாக இருக்கட்டும், அதுவும் வீடு மாறுகிற அவசரத்தில் வேண்டாம்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். தனியாக இருக்கிறேன். எதை வாங்கலாம்?
– வாசகர், கோவை

தம்பி, அடுத்த வீட்டுக்கும் கூட வரக்கூடியதை மட்டும் வாங்குங்கள். போல்ட் போட்டுக் கழற்றுகிற கட்டில், நல்ல மெத்தை, ஒரு மேசை, முதுகுக்கு ஒத்த நாற்காலி, ஒரு நிற்கும் விளக்கு. இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து வரும் தேக்குக் கதவு பழைய மரக்கடைகளில் கிடைக்கும், ஒரு கதவை மேசைப் பலகையாக்கலாம். சோபாவுக்கு அவசரமில்லை.

மாடுலர் கிச்சன் சில வருஷத்திலேயே சிங்க்கின் அடியில் உப்பிவிட்டது. மறுபடி செய்யப்போகிறோம். சாமானும் குறையவேண்டும், வேலையும் நிலைக்கவேண்டும். எதில் செய்வது?
– வாசகி, ஈரோடு

கதவின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டையை நகத்தால் தூக்கிப் பாருங்கள். உள்ளே மரத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தால் அது பார்ட்டிகிள் போர்டு. அடுக்கடுக்காக மரம் தெரிந்தால் பிளைவுட். தூளை அழுத்திச் செய்த பலகைக்குள் தண்ணீர் ஒரு முறை போய்விட்டால் பிறகு காய வைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. சமையலறைக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட் கேளுங்கள், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது. அந்த எண் பலகையின் மேலேயே அச்சாகியிருக்கும், லேமினேட் ஒட்டுவதற்கு முன்னால் நீங்களே நின்று பார்த்துவிடுங்கள்.

சிங்க்கின் அடியில் மட்டும் அதுவும் வேண்டாம். நம் பழைய வழிதான் அங்கே சரி: கடப்பாக் கல்லில் தட்டும் தடுப்பும், முன்னால் கதவு மட்டும். குழாய் ஒழுகினாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கரையானும் வராது. ஆனால் மேடைக்குக் கடப்பாவோ கோட்டா கல்லோ போடாதீர்கள். இரண்டும் சுண்ணாம்புக் கல், புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிப்போகும். மேடைக்கு கிரானைட்.

சாமான் குறைய வேண்டும் என்றால் அளவு எடுப்பவர் வருவதற்கு முன் ஒரு வாரம் எந்தப் பாத்திரத்தை எடுத்துப் புழங்குகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். அதற்குத்தான் கை எட்டுகிற தட்டு. பண்டிகைப் பாத்திரம் பரணுக்கு. கிரைண்டரை உள்ளே ஒளிக்காதீர்கள், தூக்கி எடுக்கிற கனத்துக்குப் பயந்தே மாவு பாக்கெட் வாங்கத் தொடங்கிவிடுவீர்கள். மேடையின் ஒரு மூலையில் பிளக்கோடு அதற்கு நிலையான இடம் கொடுங்கள். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே இரண்டடி மேடை காலியாக இருக்கட்டும், காய் நறுக்கவும் சூடான குக்கரை இறக்கவும். கீழ்ப் பெட்டிகள் தரையைத் தொடாமல் நாலு அங்குலக் காலில் நிற்க வேண்டும். முன்னால் மறைக்கும் பட்டை கையால் இழுத்தால் கழலவும் வேண்டும், அடியில் கழுவி விடலாம். கீல்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், அதே கம்பெனி கீல் நாலு கூடுதலாக வாங்கி டிராயரில் போட்டு வையுங்கள்.