மரம் குடிக்கும் தண்ணீர், மண் காக்கும் தண்ணீர்

கேள்வி: புல்வெளியாக இருந்த மலைச்சரிவில் யூகலிப்டஸ் நட்டார்கள்; சில ஆண்டுகளில் கீழே ஓடை வற்றிவிட்டது. மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: அதில் பாதிதான் உண்மை. மரம் தண்ணீரை உண்டாக்குவதில்லை, குடிக்கிறது. இலையில் தங்கிய மழை தரையைத் தொடாமலே ஆவியாகிறது. புல்லின் வேருக்கு எட்டாத ஆழத்து ஈரத்தையும் மரவேர் இழுத்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் மொகோபுலானில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். புல்வெளி முழுக்க யூகலிப்டஸ் நட்ட ஒன்பதாம் ஆண்டில் ஓடை அடியோடு நின்றது. 16 வயதில் மரங்களை வெட்டிய பிறகும் ஓடை திரும்ப ஐந்து ஆண்டுகள் பிடித்தன. ஆழத்தில் வறண்டுபோன மண் நனைந்து முடிந்த பிறகுதானே மிச்சம் ஓடைக்கு வரும்!

நீர்ப்பிடிப்புகளில், அதாவது ஓர் ஓடைக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்புகளில், நடந்த 94 சோதனைகளை 1982இல் தொகுத்தபோது கிடைத்த தோராயக் கணக்கு இது: பரப்பில் 10 சதவீதம் பைன் அல்லது யூகலிப்டஸாக மாறினால் ஆண்டு நீர்வரத்து, பரப்பு முழுக்க நிற்கும் நீரின் உயரமாகக் கணக்கிட்டால், சுமார் 40 மி.மீ. குறையும். இலையுதிர் மரமானால் 25, புதரானால் 10. நீர்ப்பிடிப்பு 100 ஹெக்டேர் என்றால், 40 மி.மீ. என்பது 4 கோடி லிட்டர்.

கேள்வி: அப்படியானால் பழைய காட்டை வெட்டினால் ஆற்றுக்கு லாபமா?

பதில்: ஆண்டு மொத்தம் பெரும்பாலும் கூடும். ஆனால் அது மழைக்காலத்திலேயே ஓடிப் போனால் யாருக்கு லாபம்? காட்டுத் தரையில் சருகும் மண்புழு வளையும் மக்கிய வேர் விட்ட துளைகளும் மழையை உள்ளே இறக்குகின்றன. அதுதான் கோடையில் ஊற்றாகக் கசிகிறது. மண் மிதிபட்டு இறுகினால் அந்த வழி அடைபடும். மரத்தை வெட்டுவதைவிட, அதை இழுத்துச் செல்லப் போடும் பாதைதான் பெரிய வில்லன். சக்கரத் தடமே வாய்க்காலாகி மண்ணை ஆற்றில் சேர்க்கும். பாதையின் குறுக்கே வடிகால் வெட்டி, தண்ணீரைச் சருகு மூடிய சரிவில் பிரித்துவிட வேண்டும். நேராக ஓடையில் விடக்கூடாது.

மேகம் உரசும் முகட்டுக் காடு மட்டும் தனி ரகம். அங்கே இலைகள் மூடுபனியையே பிடித்துச் சொட்டவிடுகின்றன. வெட்டினால் அந்த வரவும் போகும்.

கேள்வி: மண் இறுகிவிட்டதை எப்படி அறிவது?

பதில்: 15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தைப் பாதி உயரம் மண்ணில் இறக்குங்கள். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து 440 மி.லி. தண்ணீர் ஊற்றி, தாளை மெல்ல உருவுங்கள். இது 25 மி.மீ. மழைக்குச் சமம். விளிம்போரம் கசிந்தால் அளவு பொய்த்துவிடும்; முன்பே மண்ணை விரலால் அழுத்திவிடுங்கள். காய்ந்த மண் முதல் தடவை வேகமாக உறிஞ்சும், அதை நம்பாதீர்கள். மறுபடி ஊற்றி நேரம் பாருங்கள். 15 நிமிடத்தில் இறங்கினால் நல்ல மண். ஒரு மணி நேரம் தாண்டினால், மணிக்கு 25 மி.மீ. மழைக்கே அங்கே தண்ணீர் மேலோட்டமாக ஓடத் தொடங்கிவிடும்.