ஸ்கேன் எடுக்காமல் கழிந்த இரண்டு நாட்கள்

கேள்வி: என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். திடீரென வீறிட்டு அழுவாள், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்வாள், சற்று நேரத்தில் அடங்கிவிடுவாள், மறுபடியும் அழுவாள். குடித்த பாலெல்லாம் வாந்தி. குடல் ஏறியிருக்கும் என்று மாமியார் சொன்னதால் காலையில் பக்கத்து ஊரில் குடல் தட்டினோம். பலனில்லை. அன்று மாலையே தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மலத்தில் சளியும் ரத்தமும் போனதைக் காட்டினேன். சீதபேதி என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள், எக்ஸ்ரே நார்மல் என்றார்கள். மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்ததும் குடல் செருகல் என்று சொல்லி, அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து அழுகிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். குழந்தை இப்போது நலம். இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. கேஸ் ஷீட் கேட்டால் தனியார் மருத்துவமனையில் தர மறுக்கிறார்கள். போலீசுக்குப் போகச் சொல்கிறார் என் தம்பி. நாங்கள் குடல் தட்டியது எங்களுக்கே எதிராகத் திரும்புமா?
- வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: குழந்தை நலம் என்ற வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது, சகோதரி.

நோயைத் தவறாகக் கணித்தார்கள் என்பது மட்டும் வழக்கில் நிற்காது. கணிப்பில் நேரும் பிழை வேறு, கவனக்குறைவு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சீதபேதியிலும் சளியும் ரத்தமும் போகும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அது உண்மையும்கூட. ஆனால் ஏழு மாதக் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தியும் எடுத்து, மலத்தில் ரத்தமும் போனால், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டதா என்று பார்ப்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். அதற்கு உகந்த பரிசோதனை அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, வளையத்துக்குள் வளையமாகப் படத்தில் தெரிந்துவிடும். குடல் செருகல் இருந்தும் எக்ஸ்ரே நார்மலாக இருக்கலாம். எனவே 'எக்ஸ்ரே நார்மல்' என்பது ஒரு பதிலே அல்ல. குடல் கெடுவதற்கு முன் தெரிந்திருந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ செலுத்தியே செருகலை விடுவித்துவிடலாம். உங்கள் மகள் அந்த வாய்ப்பை இழந்தாள் என்பதுதான் வழக்கின் உயிர்.

ஸ்கேன் வசதி இல்லை, இரவில் ஸ்கேன் பார்க்க டாக்டர் இல்லை என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் வசதி உள்ள இடத்துக்கு உடனே அனுப்பியிருக்க வேண்டும்.

ஆகவே எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. அந்த நேரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது, கேஸ் ஷீட்டுக்குள் நர்ஸ்கள் எழுதும் தாளில் இருக்கும். 'இரவு 2 மணி: மலத்தில் ரத்தம், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று அதில் ஒரு வரி இருந்தால், ஸ்கேன் எத்தனை மணி நேரம் தள்ளிப்போனது என்பதை அந்த வரியே காட்டிவிடும். எக்ஸ்ரே பிலிமின் ஓரத்தில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளின்படி, பெற்றோர் கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். குழந்தையின் பெயர், உள்நோயாளி எண் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் தராவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அரசு மருத்துவமனையின் ஸ்கேன் அறிக்கையையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். குடல் எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு வெட்டப்பட்டது என்பது அதில் இருக்கும்.

குடல் தட்டியதை மறைக்கவே மறைக்காதீர்கள். புகாரிலேயே நாளும் நேரமும் போட்டு எழுதிவிடுங்கள். நீங்கள் மறைத்து அவர்கள் எடுத்துக்காட்டினால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். காலையில் தட்டினீர்கள், மாலையில் சேர்த்தீர்கள். தாமதம் அரை நாள். அதன்பின் குழந்தை அவர்கள் பொறுப்பில்தான் இருந்தது. வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், உங்கள் மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போலீஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை. வேறொரு மருத்துவரின் சுயேச்சையான கருத்தைப் பெற்ற பிறகே காவல்துறை மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதும் அதே 2005 தீர்ப்புதான். ஆண்டுகள் ஓடிவிடும்.

உங்களுக்கான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குழந்தை மட்டுமல்ல, பெற்றோரும் நுகர்வோரே என்று 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனவே மகளுக்குத் தனியாகவும், உங்கள் மனவேதனைக்குத் தனியாகவும் இழப்பீடு கேளுங்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் அவசியமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு உண்டு. ஆனாலும் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டி எழுத்துமூலம் கருத்து வாங்குங்கள். வயிற்று அறுவைக்குப் பின் குடல் ஒட்டிக்கொண்டு பின்னாளில் அடைப்பு வரும் வாய்ப்பு உண்டு. அதைப் பற்றியும் அவரை எழுதச் சொல்லுங்கள், எதிர்காலச் செலவைக் கேட்க அது வேண்டும்.

புகாருக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள், அதில் பதினோரு மாதம் கழிந்துவிட்டது. ஆவணம் கேட்கும் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.