தோட்டாக் கழுத்து: கேட்டவர்களுக்குப் பதில்

வெளிநாட்டில் ரைபிள் சுடும் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் கோவைப் பட்டறைக்காரர்களும் கேட்டவை இவை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, மறுபடி நிரப்பிச் சுடுவது பற்றியது. குண்டைப் பிடிக்கும் அதன் வாய்ப்பக்கம்தான் கழுத்து. ஆஸ்திரேலியாவில் உரிமத்தோடு செய்து பழகியதைச் சொல்கிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959-இன்படி குற்றம்.

கோபிக்காரத் தம்பி, மெல்பர்ன்: அண்ணா, சில தடவை சுட்டதுமே .308 (ரைபிள் தோட்டா வகை) கேஸ் கழுத்தில் நெடுக விரிசல் விடுகிறதுங்க. கேஸ் மட்டமா?

மட்டமில்லைங்க தம்பி. அது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. சுடும்போது கழுத்து விரியும், கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் விட்டால் சுருங்கும், டைக்குள் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை கழுத்து வழியாக வெளியே வரும்போது மறுபடி கொஞ்சம் விரியும். இப்படி விரிந்து சுருங்கி இறுகி இறுகிக் கடைசியில் பிளக்கும். பிளந்ததை நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்க, மீதியை அனீல் பண்ணுங்க, அதாவது சூடு காட்டி மெத்தாக்குங்க. கேஸைச் சுற்றிக்கொண்டே கழுத்தையும், அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளையும் மட்டும் தீயில் சில விநாடி காட்ட வேண்டும். இருட்டறையில் மங்கலாகச் சிவப்பு தெரிய ஆரம்பித்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடணும். தோளுக்குக் கீழே 230 டிகிரி செல்சியஸில் உருகும் குறிப்பூச்சு தடவி வையுங்க, அது உருகினால் சூடு கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம், அந்தக் கேஸ் வேண்டாம். அடிப்பகுதி மெத்தாகவே கூடாது. .308-இல் சதுர இஞ்சுக்கு 62,000 பவுண்டு வரை போகும் அழுத்தத்தை அதுதான் தாங்குகிறது. அது விட்டுக்கொடுத்தால் வாயு முகத்துக்குத்தான் வரும்.

கணபதி ஃபவுண்டரிக்காரர்: சூடாக்கித் தண்ணியில் போட்டா இறுகத்தானுங்க செய்யும்? எப்படி மெத்தாகும்?

அது எஃகுக்குங்கண்ணா. எஃகில் கார்பன் இருப்பதால் சட்டென்று குளிர்ந்தால் இறுகும். இந்தப் பித்தளையில் அந்த வேலையே நடக்காது. சூட்டிலேயே மெத்தாகிவிடும், தண்ணீர் சூடு கீழே இறங்காமல் நிறுத்துவதற்கு மட்டும்தான்.

அதே ஃபவுண்டரிக்காரர்: முப்பது வருசமா உலையோட நிக்கிறேனுங்க, ஒத்துக்க முடியாது.

பொள்ளாச்சிப் பாத்திரக்காரர் (நடுவில் வந்து): எங்க அப்பா பித்தளைத் தகட்டைக் காய்ச்சித் தண்ணியில் போட்டுத்தானுங்க தட்டுவாரு. இறுகினா எப்படித் தட்டுறது?

அவர் சொல்வது சரி. ஃபவுண்டரி அண்ணா, பித்தளைக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டிச் சிவக்கக் காய்ச்சி, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைக் காற்றிலும் ஆறவிட்டு, கையால் வளைத்துப் பாருங்க. உங்க பட்டறையிலேயே பத்து நிமிச வேலை.

ஈரோட்டுக்காரர், டெக்ஸாஸ்: நல்லாச் சிவக்கச் சுட்டா இன்னும் மெத்தாகுமில்லைங்க?

மேலே சொன்னதைப் படியுங்க. அந்த அளவு மெத்தே போதும், அதற்குமேல் போனால் கழுத்து குண்டைப் பிடிக்காது. அடியைச் சூடாக்காதீங்க.

திருப்பூர் அம்மிணி, அடிலெய்ட்: பித்தளை பாலிஷ் போட்டுத் துடைக்கலாமுங்களா?

அம்மோனியா கலந்தது வேண்டவே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாவும், பித்தளைக்குள் மிச்சமிருந்த இழுவிசையும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். கட்டுத்தறிப் பக்கமும் வைக்காதீங்க.

கரூர் விவசாயி: காட்டுப்பன்றித் தொல்லை, நாட்டுத் துப்பாக்கிக்கு நானே...

கூடாதுங்க. வனத்துறையிடம் மனு கொடுங்க.

பெருந்துறைக்காரர், ஆக்லாந்து: வெடிமருந்து எத்தனை கிரெயின் (எடை அளவு)? கழுத்தை லேத்தில் பிடித்துக் கடையலாமா?

மருந்துக் கணக்கு, மருந்து தயாரிப்பவர் கையேட்டில் உள்ளபடிதான், என்னிடம் கேட்காதீங்க. கடைவதற்குக் கழுத்துக்குள் சரியாக நுழையும் உருளைக்கம்பி (மாண்ட்ரல்) உள்ள கைக்கருவி போதும். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பர் சாதாரணமானது என்றால் மேடான இடத்தை மட்டும் சீவுங்க. சுற்றிலும் மெலிய வைத்தால் கழுத்து இன்னும் அதிகமாக விரிந்து சீக்கிரமே பிளக்கும். இறுக்கமான சேம்பருக்குத்தான் அளவெடுத்து முழுக்கக் கடையணும், அங்கே கழுத்து தடிமனாக இருந்தால் குண்டை விடாமல் பிடித்து அழுத்தம் எகிறும்.

ஈரோட்டுக்காரர்: அடியையும் லேசா...

கூடாது. எத்தனை தடவை கேட்டாலும் கூடாது.

கோபித் தம்பி: நீளம் எவ்வளவு வரைக்குமுங்க?

.308-க்கு 51.18 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, வெட்டினால் 50.93. தாண்டினால் கழுத்து வாய் சேம்பர் முனையில் இடித்துக் குண்டை நெரிக்கும், அழுத்தம் ஏறிவிடும். டையில் விட்ட பிறகுதான் அளக்கணும், அதில்தான் கேஸ் நீளும். வெட்டியதும் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் லேசாகச் சீவுங்க, கத்தி மாதிரி கூராக்கிவிடாதீங்க.