பொது இடத்தில் ஒருவர் சிகரெட் பிடித்தால், பிடிக்காதவர் தள்ளி நின்றுகொண்டால் போதாதா?

தள்ளி நிற்க இடம் இருந்தால்தானே? போன வாரம் நல்ல மழை. பேருந்து நிழற்குடைக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றோம். ஒருவர் பற்றவைத்தார். கைக்குழந்தையோடு நின்ற பெண் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, சாரல் அடிக்கும் ஓரத்துக்கு நகர்ந்தார். நகர வேண்டியவர் அவரா?

புகைப்பவர்மேல் எனக்கு வெறுப்பில்லை, என் அப்பாவே பீடி பிடித்தவர். ஆனால் அருகில் இருப்பவருக்குள் அதிகம் போவது அவர் ஊதும் புகை அல்ல. விரலிடுக்கில் கனிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து, எந்த பில்டரையும் தாண்டாமல் நேரே வரும் புகை. குழந்தைகளுக்கு ஆஸ்துமா இழுப்பு, காதில் தொற்று. பெரியவர்களுக்கு மாரடைப்பு, நுரையீரல் புற்றுநோய் வரை அபாயம் உண்டு.

சட்டமும் தெளிவு. 2001-இல் அரசியல்வாதி முரளி தியோரா தொடுத்த வழக்கில், பொது இடங்களில் புகைக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2003-இல் சட்டம் வந்தது. பேருந்து நிறுத்தமும் ரயில் நிலையமும் ‘திறந்தவெளிதானே’ என்று தப்ப முடியாதபடி 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் அமலாகின. அபராதம் 200 ரூபாய் வரை.

நான் சட்டம் பேசுவதில்லை. “அண்ணே, கைக்குழந்தை இருக்கு” என்றேன். உடனே கீழே போட்டு மிதித்துவிட்டார்.