கல்லறையில ஆரம்பிச்ச பண்டிகை: ஈஸ்டர் கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலமான லெந்து ஆரம்பிச்ச நாள்ல இருந்து வந்த கடிதம் எல்லாத்தையும் சேர்த்து வச்சிருந்தேன். நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, அதனால 5 கேள்வி மட்டும் எடுத்திருக்கேன். கடைசி கடிதத்துக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு, எழுதி எழுதி அழிச்சேன்.

கேள்வி: அக்கா, கிறிஸ்துமஸ் டிசம்பர் 25ன்னு ஒரே தேதியில நிக்குது, ஈஸ்டர் மட்டும் ஏன் வருஷா வருஷம் மாறுது? இதுல சில சபைங்க வேற நாள்ல கொண்டாடுறாங்களே, எது சரி?

நிலாவை வச்சு கணக்கு தம்பி. இயேசு சிலுவையில அறையப்பட்டது யூதர்களோட பஸ்கா பண்டிகை சமயத்துல, பஸ்கா வர்றது பௌர்ணமியை ஒட்டி, அதனால ஈஸ்டரும் நிலாவோடயே போகுது. மார்ச் 21 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு, இதுதான் சுருக்கமான விதி. வானத்துல பாக்குற பௌர்ணமி இல்ல, சபை போட்டு வச்சிருக்குற அட்டவணைப்படி வர்ற பௌர்ணமி. அதனால சீக்கிரமா வந்தா மார்ச் 22, லேட்டா வந்தா ஏப்ரல் 25. 1943ல ஏப்ரல் 25 வந்துச்சு, இனி 2038ல திரும்ப அதே தேதி.

எல்லாரும் ஒரே ஞாயித்துக்கிழமை கொண்டாடணும்னு 325ல சபைத் தலைவர்கள் கூடின நிசேயா சங்கத்துலயே முடிவு பண்ணிட்டாங்க. ஆனா 1582ல மேற்குல காலண்டரைத் திருத்தினாங்க இல்லையா, கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைங்க பெரும்பாலும் ஈஸ்டருக்கு பழைய ஜூலியன் கணக்கையே வச்சுக்கிட்டாங்க. 2024ல மேற்குல மார்ச் 31, அவங்களுக்கு மே 5. 2025ல ரெண்டு பேருக்கும் ஏப்ரல் 20ன்னு சேர்ந்தே வந்துச்சு, எனக்கு அந்த வருஷம் மனசு நிறைஞ்சு போச்சு. எது சரின்னு சண்டை வேண்டாம், ரெண்டு பக்கமும் எழுந்தவர் ஒருத்தர்தான்.

கேள்வி: ஈஸ்டர்ங்கிற பேரே ஏதோ புறஜாதி தேவதையோட பேர்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்போ இதைக் கொண்டாடலாமா?

பீட்-னு 8ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து துறவி ஒருத்தர், அந்த மாசத்தோட பழைய பேர் ஒரு தேவதை பேர்ல இருந்து வந்ததுன்னு எழுதி வச்சிருக்கார், அந்த ஒரு குறிப்பை வச்சுத்தான் இவ்ளோ பேச்சும். ஆனா அதுக்கு பல நூற்றாண்டு முன்னாடியே கிரேக்கம் பேசின விசுவாசிகள் இந்தப் பண்டிகையை பாஸ்கான்னு சொல்லி கொண்டாடிட்டு இருந்தாங்க, அது மேல சொன்ன பஸ்கா பண்டிகைக்கான எபிரெய வார்த்தையில இருந்து வந்தது, நம்ம கத்தோலிக்க சகோதரங்க இன்னிக்கும் பாஸ்கான்னுதானே சொல்றாங்க. பேருக்காக பயப்படாதீங்க, உயிர்த்த ஞாயிறுன்னு சொல்லுங்க, அழகான தமிழ்.

கேள்வி: என் கூட வேலை பாக்குற நண்பர் சொல்றார், "இயேசு நல்ல போதகர், மலைப்பிரசங்கம் ஒண்ணே போதும், உயிர்த்தெழுந்தார்ங்கிறது சீஷர்கள் துக்கம் தாங்காம கட்டின கதை." எனக்கு பதில் சொல்ல வரல அக்கா. அதை விட்டுட்டு போதனையை மட்டும் பிடிச்சுக்கிட்டா என்ன தப்பு?

பவுலோட கடிதத்துலயே உங்க நண்பர் கேக்குற விஷயம் இருக்கு. கிறிஸ்து எழுந்திருக்கலைன்னா எங்க பிரசங்கமும் வீண், உங்க விசுவாசமும் வீண், எல்லா மனுஷரைக் காட்டிலும் நாங்கதான் பரிதாபத்துக்குரியவங்கன்னு 1 கொரிந்தியர் 15ல ஒளிவுமறைவு இல்லாம எழுதுறார். அதனால போதனையை மட்டும் எடுத்துக்கலாம்ங்கிற வழி எங்களுக்குக் கிடையாது. போதிச்சவர் செத்தே போயிட்டார்னா அந்த போதனை ஒரு நல்ல மனுஷனோட ஆசை, அவ்வளவுதான். அவரைக் கொன்னவங்க சொன்னதுதான் கடைசி தீர்ப்புன்னு ஆயிடும்.

கட்டின கதைன்னு சொல்றவங்க ரெண்டு விஷயத்தை யோசிக்கணும். அந்தக் காலத்துல உயிர்த்தெழுதலை நம்பின யூதர்கள் அது கடைசி நாள்ல எல்லாருக்கும் சேர்த்து நடக்கும்னுதான் நம்பினாங்க, மார்த்தாளும் செத்துப் போன தன் சகோதரன் லாசருவோட கல்லறைக்குப் போற வழியில இயேசுகிட்ட அதைத்தான் சொல்றா, நடுவுல ஒரே ஒரு ஆள் மட்டும் எழுவார், அதுவும் ரோமர்கள் சிலுவையில தொங்கவிட்ட ஒருத்தர் எழுவார்னு யாரும் எதிர்பார்க்கல. துக்கத்துல கதை கட்டுறவன் தனக்குத் தெரிஞ்ச மாதிரிதானே கட்டுவான், இது அவங்களுக்கே புதுசா இருந்துச்சு.

இன்னொண்ணு, சாட்சிகள். நாலு சுவிசேஷத்துலயும் காலியான கல்லறையை முதல்ல பார்த்தது பெண்கள்தான். அந்தக் காலத்து யூத வரலாற்று ஆசிரியர் ஜோசபஸ், பெண்களோட சாட்சியை ஏத்துக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கார், அப்படிப்பட்ட காலம். பெண்கள் போய்ச் சொன்னப்போ சீஷர்களுக்கே அது வீண்பேச்சா தோணிச்சுன்னு லூக்கா மறைக்காம எழுதுறார். 2ஆம் நூற்றாண்டுல செல்சஸ்னு ஒரு ரோம காலத்து அறிஞர், புத்தி பேதலிச்ச ஒரு பெண் சொன்னதையா நம்புறீங்கன்னு கிறிஸ்தவங்களைக் கேலி பண்ணார். அந்தக் கேலி வரும்னு தெரிஞ்சும் அந்தப் பெண்கள்ல ஒருத்தியான மகதலேனா மரியாளோட பேரை அவங்க நீக்கல, சீஷர் பேதுரு பேரை முதல்ல போட்டிருந்தா எவ்ளோ ஈஸியா இருந்திருக்கும்! மரியாள்தான் பார்த்தா, அதனால மரியாள்னு எழுதினாங்க.

யாக்கோபையும் சொல்லணும். இயேசுவோட சகோதரர், இயேசு ஊழியம் செஞ்ச காலத்துல சகோதரர்கள் அவரை விசுவாசிக்கலன்னு யோவான் 7ல இருக்கு. எழுந்த இயேசுவைப் பார்த்தவங்கன்னு பவுல் கொடுக்குற சாட்சிப் பட்டியல்ல யாக்கோபு பேர் வருது, பிறகு எருசலேம் சபைக்கே தலைவர் ஆகுறார், 62 வாக்குல கல்லெறிஞ்சு கொல்லப்பட்டார். கூடவே வளர்ந்த தம்பி, அண்ணனுக்காக சாகுற அளவுக்கு மாறணும்னா நடுவுல ஏதோ ஒண்ணு நடந்திருக்கணும்.

இதெல்லாம் கணக்குப் போட்டு நிரூபிக்கிற மாதிரி இல்ல, விசுவாசம்ங்கிறது கடைசியில ஒரு ஆளை நம்புறது. ஆனா காரணமே இல்லாம கண்ணை மூடிக்கிட்டு நம்புறோம்னு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: நான் சண்டே ஸ்கூல் டீச்சர். லாசருவும் உயிரோட வந்தான், இயேசுவும் வந்தார், என்ன வித்தியாசம்னு ஒரு பையன் கேட்டான். இன்னொரு சின்னப் பொண்ணு, "டீச்சர், கடவுளால முடியும்னா இயேசுவோட கையில இருந்த காயத்தை ஏன் ஆத்தல?"ன்னு கேட்டா. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

அந்தப் பையனுக்கு துணியைக் காட்டுங்க டீச்சர். லாசரு வெளிய வரும்போது கையும் காலும் பிரேதச்சீலையால கட்டியிருக்கு, முகத்துல துணி சுத்தியிருக்கு, மத்தவங்கதான் கட்டவிழ்த்து விடணும். இயேசுவோட கல்லறைக்குள்ள பேதுரு போய்ப் பாக்குறப்போ சீலைங்க அப்படியே கிடக்கு, தலையில சுத்தியிருந்த துணி மட்டும் தனியா ஒரு இடத்துல சுருட்டி வச்சிருக்கு. லாசரு பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வந்தான், பிறகு ஒரு நாள் அவனுக்கு அந்தத் துணி மறுபடியும் தேவைப்பட்டுச்சு. இயேசுவுக்கு இனிமே தேவையே இல்ல. அவர் திரும்பி வரல, மரணத்துக்குள்ள போய் அந்தப் பக்கமா வெளிய வந்துட்டார்.

அந்தப் பொண்ணு கேட்டதை நானும் ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். பூட்டின கதவு வழியா வர முடிஞ்ச சரீரம் அது, ஆனா பொரிச்ச மீனும் சாப்பிடுது, சந்தேகப்பட்ட சீஷன் தோமாவைக் கூப்பிட்டு உன் விரலை இங்க வை, என் கைகளைப் பார்னும் சொல்லுது. அந்தத் தழும்பு இல்லாம இருந்தா தோமா எப்படி அடையாளம் கண்டிருப்பான்? சிலுவையில தொங்கினவரும் இப்ப முன்னாடி நிக்கிறவரும் ஒரே ஆள்னு எப்படித் தெரியும்? அவர் பட்ட பாட்டை கடவுள் நடக்காத மாதிரி அழிச்சுப் போடல. நம்மளை நேசிச்சதுக்கான அடையாளத்தை அவர் இன்னும் கையில வச்சிருக்கார்னு அந்தக் குட்டிகிட்ட சொல்லுங்க. அவளுக்கு ஒருவேளை நம்மளை விட சீக்கிரம் புரிஞ்சிரும்.

கேள்வி: பேர் போட வேண்டாம் அக்கா. போன வருஷம் லெந்து காலத்துல எங்க வீட்டுக்காரர் இறந்துட்டார். இப்ப ஈஸ்டர் வருது. சபையில எல்லாரும், "அவர் கர்த்தர்கிட்ட இருக்கார், அழக்கூடாது, சந்தோஷமா இருக்கணும்"னு சொல்றாங்க. அல்லேலூயா பாட வாயைத் திறந்தா அழுகைதான் வருது. எனக்கு விசுவாசம் இல்லையா?

உங்களுக்கு விசுவாசம் இருக்குமா. இல்லாதவங்க இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டாங்க.

அழக்கூடாதுன்னு சொன்னவங்க அன்பாலதான் சொல்லியிருப்பாங்க, ஆனா அது வேதத்துல இல்ல. தெசலோனிக்கேயருக்கு பவுல் எழுதினது, நம்பிக்கையில்லாத மத்தவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னு, துக்கமே படாதீங்கன்னு இல்ல. லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறார்னு இயேசுவுக்குத் தெரியும், தெரிஞ்சும் அங்க நின்னு கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை அவரை விட உறுதியா நம்பினவங்க யாரு?

யோவான் 20ஐ கொஞ்சம் மெதுவா வாசிங்க. இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே மகதலேனா மரியாள் கல்லறைக்கு வர்றா. அந்த நேரத்துல அவர் எழுந்தாச்சு, கல் புரட்டியாச்சு, ஈஸ்டர் வந்தாச்சு, ஆனா அவ வெளிய நின்னு அழுதுட்டு இருக்கா. முதல் ஈஸ்டர் காலையில முதல்ல கேட்ட சத்தம் பாட்டு இல்லமா, ஒரு பெண்ணோட அழுகை. அவர் பின்னாடி வந்து நிக்கிறார், இவ தோட்டக்காரன்னு நெனச்சு பேசுறா. விசுவாசம் இல்லாதவளேன்னு அவர் திட்டல, ஏன் அழுறேன்னுதான் கேட்டார். விளக்கமும் கொடுக்கல, வசனமும் எடுத்துச் சொல்லல. "மரியாளே"ன்னு பேரைச் சொன்னார், அவ்வளவுதான், அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

எங்க அப்பா அடக்கத்துல பெட்டி மேல முதல் மண் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. போதகர் கிறிஸ்து மரிச்சவங்கள்ல முதற்பலன்னு வாசிச்சார், அன்னிக்கு அது எனக்குள்ள இறங்கவே இல்ல. அடுத்து வந்த ஈஸ்டருக்கு கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போக முடியாம அங்கயே நின்னேன், உள்ள பாட்டு முடிஞ்சு, ஜெபம் முடிஞ்சு, திருவிருந்து நேரத்துலதான் போய் கடைசி பெஞ்ச்ல உக்காந்தேன். அந்த வார்த்தை இறங்க வருஷங்கள் ஆச்சு. முதற்பலன்னா அறுவடையில முதல்ல வர்ற கதிர், மத்த கதிர் எல்லாம் அதே வயல்ல, அதே மண்ணுக்குள்ளதான் இருக்கு. அவர் எழுந்தது அவருக்கு மட்டும் நடந்த அதிசயமா இருந்தா நமக்கு அதுல பங்கு கிடையாது, முதல் கதிர்னா எங்க அப்பாவும் உங்க வீட்டுக்காரரும் அந்த அறுவடைக்குள்ள இருக்காங்க. கிறிஸ்தவங்க புதைக்குற இடத்துக்கு பழைய காலத்துல கிரேக்கத்துல தூங்குற இடம்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தையைத்தான் சொன்னாங்க, எழுப்ப ஒருத்தர் வருவார்னு நம்பி.

இன்னொண்ணும் சொல்றேன். 1732ல ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்கிற ஊர்ல மொராவியன் சபையைச் சேர்ந்த வாலிபர்கள் ஈஸ்டர் விடியக்காலையில கல்லறைத் தோட்டத்துக்குப் போய் பாடி ஆராதிச்சாங்க. அவங்க சபை இன்னிக்கும் பல நாட்டுல அதைச் செய்யுது. பாடப் போன இடத்தைப் பாருங்கமா. ஈஸ்டர் துக்கமில்லாதவங்களோட பண்டிகைன்னா அங்க எதுக்குப் போகணும்? ஒரு கல்லறை இருக்குறவங்களுக்குத்தான் இந்த நாள் முதல்ல வந்துச்சு.

அதனால இந்த வருஷம் பாட வரலைன்னா பாடாதீங்க. பக்கத்துல நிக்கிறவங்க உங்களுக்கும் சேர்த்துப் பாடுவாங்க, சபைன்னு ஒண்ணு இருக்குறதே அதுக்குத்தான். ஈஸ்டர் ஒரு நாள்ல முடியுற விஷயமும் இல்ல, பெந்தெகொஸ்தே திருநாள் வரைக்கும் 50 நாள் இருக்கு, ஏதாவது ஒரு நாள்ல ஒரு வரி வாயில வரலாம், வராமலும் போகலாம், அவர் காத்துக்கிட்டு இருப்பார். உயிர்த்தெழுந்த அன்னிக்கு எருசலேம்ல இருந்து எம்மாவூருக்கு நடந்த ரெண்டு சீஷர்கள் கூட அவர் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் வழியில சேர்ந்து நடந்தார், அவங்க முகம் வாடியிருந்துச்சு, யாருன்னு கூட தெரியல, அப்பவும் விட்டுட்டுப் போகல.

உங்க கடிதம் முழுக்க "எங்க வீட்டுக்காரர்"னுதான் எழுதியிருக்கீங்க. அடுத்த கடிதத்துல அவர் பேரை எழுதுங்கமா. பத்திரிகையில போட மாட்டேன், நான் தெரிஞ்சுக்கணும்.